மருமகனின் வாசலில் ராணுவக் காவல்: ஷையான் பெண் அமாச்சியின் உறவுகளும் சாண்ட் க்ரீக் படுகொலையும்

1864 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை மாலையில், கொலராடோ பிரதேசத்தின் தென்கிழக்கே, ஆர்கன்சா ஆற்றங்கரையில் காடோவா என்னும் இடத்திலிருந்த ஜான் வெஸ்லி பிரவர்ஸ் என்பவரின் வீட்டை அமெரிக்கக் குதிரைப்படையினர் வளைத்துக்கொண்டனர். வீட்டிலிருந்தவர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் எவரும் வெளியே போக அனுமதிக்கப்படவில்லை. பிரவர்ஸ் மிசூரியில் பிறந்த வெள்ளையர், 26 வயதினர், அரசுக்கு எதிராக எந்தக் குற்றமும் செய்யாதவர். ஆனால் அமெரிக்கப் பழங்குடியினரான ஷையான் இனத் தலைவர்களில் ஒருவரான ஒச்சினியின் மகள் அமாச்சி அவருடைய மனைவி. செவ்வாய்க்கிழமை விடியலில், பிரவர்ஸ் இன்னும் காவலில் இருக்கும்போதே, சாண்ட் க்ரீக் ஓடைக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஷையான், அராபஹோ குடும்பங்களின்மேல் அதே படை பாய்ந்தது. கொல்லப்பட்டவர்களில் ஒச்சினியும் ஒருவர்.

அமாச்சியின் வாழ்க்கையை எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய திருமணத்தில் தொடங்கி, கணவரின் கால்நடைச் செல்வத்தை விவரித்து, படுகொலையை நடுவில் நேர்ந்த ஒரு துயரமாகச் சொல்லி முடிப்பார்கள். இந்த ஆய்வு அந்தக் காவலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஷையான் மக்களிடையே குடும்ப உறவு என்பது வீட்டுக்குள் அடங்கிய அன்பு மட்டுமல்ல; செய்தி போய்ச் சேரும் வழியும் அதுவே, வணிகத்துக்கான உரிமையும் அதுவே, ஆபத்தில் உயிரைக் காக்கும் ஏற்பாடும் அதுவே. இதை, அந்தப் படையை நடத்திவந்த கர்னல் ஜான் சிவிங்டன் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். மாமனாருக்கு மருமகன் ஒரு குதிரையை விரட்டிச் செய்தி அனுப்பிவிட்டால் தாக்குதல் குலைந்துவிடும் என்பதால்தான், எதிரியின் முகாமை நெருங்கும் முன்பே அவர் தம் சொந்த நாட்டுக் குடிமகனின் வாசலில் காவலாட்களை நிறுத்தினார். ஒரு பெண்ணின் உறவுகளுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு அந்தக் காவலைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கூடாரம் பெண்ணுடையது

அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, ஷையான் குடும்பம் எவ்வாறு கட்டப்பட்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். காட்டெருமைத் தோலால் ஆன கூடாரமும் அதிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களும் பெண்ணுக்கே சொந்தம். திருமணமான ஆண், பொதுவாக, மனைவியின் தாய் வசிக்கும் கூடாரத்துக்கு அருகில்தான் புதிய கூடாரத்தில் குடியேறுவான். ஆகவே ஒரு முகாமின் நடுநாடி தாயும் அவருடைய மகள்களும் ஆவர்; வேறு வேறு குடும்பங்களிலிருந்து வந்து சேர்ந்த மருமகன்கள் அவர்களுக்காக வேட்டையாடுவார்கள். தாயின் சகோதரியும் தாய் என்றே அழைக்கப்பட்டார். தந்தையின் சகோதரர் தந்தை. அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் உடன்பிறந்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் ஆகியோரும் இந்த உடன்பிறப்பு முறைக்குள்ளேயே வந்துவிடுவதால், நம்மிடையே உள்ளது போன்ற முறைமாப்பிள்ளை வழக்கத்துக்கு அங்கே இடமே இருந்ததில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் வெளியே என்பதால், ஒவ்வொரு திருமணமும் முன்பு தொடர்பில்லாத இரண்டு குடும்பங்களைப் பிணைத்தது.

பெண் கேட்கும் முறையில் அவசரம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகே இளைஞன் தன் சார்பில் ஒரு மூத்த உறவினரைத் தூது அனுப்புவான். குதிரைகள் பெண்ணின் வீட்டுக்குப் போகும். பெண்ணின் சகோதரனுக்கு இதில் பெரிய சொல் உண்டு. சம்மதமானால் பெண் வீட்டார் ஏறத்தாழ அதே மதிப்புக்கு எதிர்ச்சீர் செய்து, மகளைக் குதிரையில் ஏற்றி அனுப்புவர். மாப்பிள்ளையின் உறவுக்கார இளைஞர்கள் மணப்பெண்ணைப் போர்வையில் வைத்துத் தூக்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோவார்கள். மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்ப்பதும் அவரோடு பேசுவதும் மரியாதைக் குறைவு. ஆயினும் திருமணமான தொடக்க காலத்தில் அவனுக்கு உணவு சமைப்பவர் அந்த மாமியார்தான். அவர் தம் கூடாரத்தில் சமைத்துக் கொடுக்க, மகள் அதைத் தன் கூடாரத்துக்கு எடுத்துச் செல்வாள். ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்காத இருவருக்கிடையே நாள்தோறும் சோறும் இறைச்சியும் போய்வந்துகொண்டிருந்த இந்த உறவில், மருமகனின் கடமை மிகத் தெளிவானது: வேட்டையில் கிடைத்ததைக் கொண்டுவந்து தருவதும் மனைவியின் தாய் தந்தையரைக் காப்பதும் அவன் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டுக்குள் வெள்ளை வணிகர்கள் நுழைந்தது 1830களில். அமாச்சியின் கதைக்கு முன்னோடியாக அமைந்த குடும்பம் ஒன்று உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த வில்லியம் பென்ட், அன்று அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக இருந்த ஆர்கன்சா ஆற்றின் வடகரையில், பச்சைச் செங்கல்லால் ஒரு பெரிய வணிகக் கோட்டையைக் கட்டினார். 1835ஆம் ஆண்டளவில் அவர் மணந்த மிஸ்டாந்தா, ஷையான் மக்களின் புனித அம்புகளைக் காக்கும் பொறுப்பிலிருந்த வெண்ணிடியாரின் மகள். நான்கு அம்புகள் கொண்ட அந்தப் பொதிதான் அவ்வினத்தின் உயிர். அதன் காவலரைவிட உயர்ந்த நிலை வேறொன்று இல்லை. பென்ட் ஏன் அந்த வீட்டு மருமகன் ஆனார் என்பதைக் காதலை மட்டும் வைத்து விளக்குவது போதாது. கோட்டையின் வருமானம் எருமைத்தோல் போர்வைகளில் இருந்தது. எருமையை வீழ்த்துபவர்கள் ஆண்கள். ஆனால் தோலை விரித்துக் கட்டி, சதையைச் சுரண்டி எடுத்து, விலங்கின் மூளையைத் தேய்த்துப் பதப்படுத்தி, மென்மையான போர்வையாக ஆக்குவது முழுக்க முழுக்கப் பெண்களின் உழைப்பு. அந்தப் பெண்களின் குடும்பத்துக்குள் ஒருவனாக ஆகாத வணிகனுக்கு நல்ல சரக்கு கிடைப்பது அரிது. மறுபுறம், துப்பாக்கி மருந்து, துணி, பாத்திரம், மணிகள் ஆகியவை தடையின்றி வருவதற்கும், வெள்ளையரோடு தகராறு ஏற்பட்டால் பேசுவதற்கும் ஒரு மருமகன் இருப்பது ஷையான் மக்களுக்கு உதவியது. இரு தரப்பும் கண்ணைத் திறந்துகொண்டு செய்த சம்பந்தம் அது.

மிஸ்டாந்தாவுக்கு மேரி, ராபர்ட், ஜார்ஜ், ஜூலியா என்று நான்கு பிள்ளைகள். அவருடைய தந்தை 1838இல் கயோவா, கொமாஞ்சி இனத்தாருடன் நடந்த உல்ஃப் க்ரீக் போரில் இறந்தார். மிஸ்டாந்தா 1847ஆம் ஆண்டளவில் காலமானார். அவருடைய சகோதரி மஞ்சள் பெண் என்பவரும் பென்டின் மனைவியாகி சார்லஸ் என்ற மகனைப் பெற்றிருந்தார். அக்காளும் தங்கையும் ஒருவருக்கே வாழ்க்கைப்படுவது ஷையான் வழக்கத்தில் இயல்பானது. தாயை இழந்த பிள்ளைகள் சித்தியின் கையில் வளர்வதால் குடும்பம் சிதறுவதில்லை. இந்த ஐந்து பிள்ளைகளில் நால்வரை 1864இல் மறுபடியும் சந்திக்கப்போகிறோம்.

ஒச்சினியின் மகள்

அமாச்சி 1846ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். தந்தை ஒச்சினியை வெள்ளையர்கள் ஒற்றைக்கண்ணர் என்றும் தனிக்கரடி என்றும் அழைத்தார்கள். தெற்கு ஷையான் மக்களின் சமாதானத் தலைவர் கருங்கெண்டியாருக்கு நெருக்கமான வட்டத்தில் அவர் இருந்தார். 1856இல் அரசு முகவருடன் எழுத்தராக ஆர்கன்சா ஆற்றங்கரைக்கு வந்த பிரவர்ஸ், பிறகு வில்லியம் பென்டிடமே வேலைக்குச் சேர்ந்து, மிசூரி ஆற்றுக்கும் கோட்டைக்கும் இடையே சரக்கு வண்டிகளை நடத்திச் சென்றார். எருமைத்தோல் வணிகம் எப்படி நடக்கிறது, அதில் குடும்பத்தின் இடம் என்ன என்பதையெல்லாம் அவர் கற்றது பென்டின் வீட்டில். 1861இல் அமாச்சியை அவர் மணந்தபோது அமாச்சிக்கு ஏறத்தாழ 15 வயது.

அதே ஆண்டின் பிப்ரவரியில்தான், ஒரு சில தலைவர்களை மட்டும் கையெழுத்திட வைத்து, வைஸ் கோட்டை ஒப்பந்தம் என்ற பெயரில் ஷையான், அராபஹோ நிலங்களில் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. 1851இல் லாரமி கோட்டையில் பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட பரந்த சமவெளி அவர்களுடையது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. 1858இல் பைக்ஸ் பீக் மலையடிவாரத்தில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் அந்த ஒப்புதல் பயனற்றுப் போயிற்று. வண்டிகள் வந்தன, எருமைகள் விலகின, ஆற்றோரத்து மரங்களும் புல்லும் தீர்ந்தன. ஆகவே பிரவர்ஸின் திருமணம் பென்டின் திருமணத்தைப் போல இரண்டு சமமான தரப்புகளின் சம்பந்தம் அல்ல. அமாச்சி மணமகளானபோது அவருடைய மக்களின் நிலம் காகிதத்தில் ஏற்கெனவே கைமாறிவிட்டது. அவர்களுக்குக் கணக்கெழுதவும் பேசவும் தெரிந்த ஒரு மருமகன் முன்பைவிடவும் அவசரத் தேவையாக இருந்தார்.

கடிதம்

1864 மே மாதத்தில், வாஷிங்டனுக்குச் சென்று ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்துத் திரும்பியிருந்த ஒல்லிக்கரடி என்ற ஷையான் தலைவர், சமாதானமாகப் பேச முன்வந்தபோதே படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கோடை முழுவதும் இரு தரப்பிலும் பழிவாங்கல் தொடர்ந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஆளுநர் ஜான் எவன்ஸ், பகைவரான பழங்குடியினரைப் பொதுமக்களே தேடிக் கொல்லலாம் என்று அறிவித்தார். அந்தச் சூழலில், ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பகுதியில் முகாமிட்டிருந்த கருங்கெண்டியாரும் பிற தலைவர்களும் சமாதானம் வேண்டி ராணுவத்தின் லயன் கோட்டைக்குக் கடிதம் அனுப்ப முடிவெடுத்தனர். சிறைபிடித்து வைத்திருந்த வெள்ளையர்களைத் திருப்பித் தருவதாகவும், தங்களவர்களைத் திரும்பக் கேட்பதாகவும் அதில் இருந்தது.

அந்தக் கடிதத்தின் பயணத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர்கள் ஜார்ஜ் பென்டும் எட்மண்ட் கெரியரும். முன்னவர் மிஸ்டாந்தாவின் மகன், பின்னவரும் ஷையான் தாய்க்குப் பிறந்தவர், பிற்பாடு ஜூலியா பென்டை மணந்தவர். அதைக் கோட்டைக்குச் சுமந்து சென்றவர் அமாச்சியின் தந்தை ஒச்சினி; அவருடன் அவருடைய மனைவியும் மின்னிமிக் என்ற இன்னொருவரும் சென்றனர். கண்ட இடத்தில் சுடும் உத்தரவு நடப்பிலிருந்த நாட்களில், மனைவியையும் அழைத்துக்கொண்டு கோட்டையை நோக்கிப் போவது சாவை நோக்கிப் போவதுதான் என்பது ஒச்சினிக்குத் தெரியும். தாம் கொல்லப்பட்டாலும் உடலில் அந்தக் காகிதம் கண்டெடுக்கப்பட்டால் தம் மக்களுக்குச் சமாதானம் கிடைக்கக்கூடும் என்று எண்ணி வந்ததாக அவர் கோட்டைத் தலைவர் மேஜர் எட்வர்ட் வின்கூப்பிடம் கூறினார். வின்கூப் அதுவரை பழங்குடியினரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தை அந்தச் சந்திப்பே மாற்றியது. அவர் ஒரு சிறு படையுடன் முகாமுக்கே சென்று, சிறைப்பட்டிருந்த நால்வரை மீட்டு, தலைவர்களை டென்வருக்கு அழைத்துச் சென்றார். செப்டம்பர் 28 அன்று வெல்ட் முகாமில் பேச்சு நடந்தது. அதன்பின் லயன் கோட்டையின் பாதுகாப்பில் இருப்பதாக நம்பியே கருங்கெண்டியாரின் மக்கள் சாண்ட் க்ரீக்கில் கூடாரம் போட்டார்கள். ஒச்சினி அதற்குப் பிறகும் கோட்டையின் ஊதியத்தில், மாதம் 125 டாலருக்கு, பகைவரின் நடமாட்டத்தைக் கவனித்துத் தகவல் தரும் பணியில் இருந்தார். படுகொலை நடந்த காலையில் அவர் அந்த முகாமில் இருந்ததே ராணுவத்தின் வேலையாகத்தான்.

செவ்வாய்க்கிழமை விடியல்

வின்கூப் பதவியிலிருந்து அகற்றப்பட்டு, அவரிடத்துக்கு மேஜர் ஸ்காட் அந்தோணி வந்தார். சிவிங்டன், நூறு நாள் பணிக்கென்று சேர்க்கப்பட்ட தொண்டர் படையையும் சேர்த்துக்கொண்டு ஆர்கன்சா ஆற்றோரமாக இறங்கி வந்தார். வழியில் அவர் செய்த முதல் வேலை, ஷையான் பெண்களை மணந்த வெள்ளையர் வீடுகளை அடைப்பது. பிரவர்ஸின் வீட்டில் நடந்ததே வில்லியம் பென்டின் பண்ணையிலும் நடந்தது. அங்கிருந்து மிஸ்டாந்தாவின் மூத்த மகன் ராபர்ட்டை, வழிகாட்டும்படி துப்பாக்கி முனையில் இழுத்துச் சென்றனர். அவருடைய தம்பிகள் ஜார்ஜும் சார்லஸும் தங்கை ஜூலியாவும் அப்போது முகாமுக்குள் இருந்தனர். அண்ணனின் காலடித் தடத்தில் வந்த சுமார் 675 வீரர்கள், தம்பி தங்கையர் உறங்கிய முகாமின்மேல் பீரங்கியோடு பாய்ந்தார்கள்.

கருங்கெண்டியார் தம் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றினார். வெண்மான் என்னும் முதிய தலைவர் கைகளை மடக்கி நின்றபடியே விழுந்தார். இறந்தவர்கள் 230 பேருக்கு மேல்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். இறந்தவர்களின் உடல்களைப் படையினர் சிதைத்தனர். அதன் விவரங்கள் விசாரணை ஆவணங்களில் இருக்கின்றன, அவற்றை இங்கே எடுத்து எழுத எனக்கு மனமில்லை. ஜார்ஜ் பென்ட் இடுப்பில் குண்டு பாய்ந்து தப்பினார். கருங்கெண்டியாரின் மனைவி மீது ஒன்பது காயங்கள். இறந்துவிட்டார் என்று கணவரே விட்டுச் சென்று, இருட்டியபின் திரும்பி வந்து பார்த்தபோது உயிர் இருந்தது, அவரைச் சுமந்துகொண்டு போனார். மொழிபெயர்ப்பாளர் ஜான் ஸ்மித்துக்கும் ஷையான் பெண்ணுக்கும் பிறந்த ஜாக் என்ற இளைஞர், சரணடைந்து காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். கலப்புக் குடும்பத்தில் பிறந்ததே அவர் செய்த பிழை. கேப்டன் சைலஸ் சோல் போன்ற சில அதிகாரிகள் தம் வீரர்களைச் சுட விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; சாட்சி சொன்ன சோல், 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிரவர்ஸும் லயன் கோட்டையில் நடந்த ராணுவ விசாரணையில் சாட்சி சொன்னார். ஒச்சினியைப் பற்றியும், முகாமிலிருந்தவர்கள் சமாதானத்தை நாடியவர்கள் என்பதைப் பற்றியும், தாம் காவலில் வைக்கப்பட்டதைப் பற்றியும் அவர் கூறியவை பதிவாகியுள்ளன. அமாச்சியிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. கொல்லப்பட்டவரின் மகளைவிட அவருடைய கணவரின் சொல்லே எடுபடும் என்பது அந்த விசாரணை மன்றத்தின் இயல்பு. அந்தக் காலத்து ஆவணங்களில் ஷையான் பெண்களைக் கணவர்கள் வழியாகவே பார்க்க நேர்வதற்கு இதுவே காரணம்.

640 ஏக்கர்

1865 அக்டோபர் 14 அன்று, இன்றைய கான்சாஸில், லிட்டில் ஆர்கன்சா ஆற்றங்கரையில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. கருங்கெண்டியாரின் மனைவி தம் ஒன்பது காயங்களையும் ஆணையர்களுக்குக் காட்டியது அங்கேதான். ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு சாண்ட் க்ரீக்கில் நடந்தது கொடுஞ்செயல் என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்க அரசு தன் படையின் செயலை ஓர் ஒப்பந்தத்தில் அவ்வாறு கண்டித்து எழுதியது மிக அரிது. ஐந்தாம் பிரிவு, ஷையான், அராபஹோ இரத்த உறவுடைய சுமார் 30 பேரின் பெயர்களைச் சொல்லி, அவர்களில் ஒவ்வொருவருக்கும் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல் நிலம் ஒதுக்கியது. பென்டின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் உண்டு. ஜான் பிரவர்ஸின் மனைவி அமாச்சியும் அவருடைய மகள்கள் மேரியும் சூசனும் உண்டு.

இந்தப் பிரிவைப் பெருந்தன்மையாக மட்டும் படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதே ஒப்பந்தம்தான் மற்ற ஷையான் மக்களைக் கொலராடோவிலிருந்து வெளியேறச் சொன்னது. 1867இல் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் அவர்களை இன்றைய ஒக்லஹோமா நோக்கித் தள்ளியது. அங்கே வாஷிட்டா ஆற்றங்கரையில் 1868 நவம்பர் 27 அன்று, சாண்ட் க்ரீக்கில் தப்பிய கருங்கெண்டியாரையும் அவர் மனைவியையும் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை கொன்றது. ஆக, ஐந்தாம் பிரிவு செய்தது என்னவென்றால், வெள்ளையரை மணந்த பெண்களையும் அவர்களின் பிள்ளைகளையும் ஆற்றங்கரையில் நிலத்தோடு நிறுத்திவிட்டு, அந்தப் பெண்களின் தாய்வீட்டை நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்கு அனுப்பியதுதான். தாயின் கூடாரத்துக்கு அருகில் மகள் வாழ்வது என்ற அடிப்படையின் மேல் எழுந்த குடும்ப அமைப்பை, துப்பாக்கியால் முடியாத அளவுக்கு இந்த நிலப் பட்டா பிரித்தது. அமாச்சி பெற்றது தந்தையின் உயிருக்கு ஈடு என்றால், அதைப் பெறுவதற்கு அவர் தம் மக்களுடன் சேர்ந்து போகாமல் இருக்க வேண்டியிருந்தது.

அந்த நிலம் பிரவர்ஸ் குடும்பத்தின் வளர்ச்சிக்கு அடித்தளமாயிற்று. ஹெர்ஃபோர்ட் இன மாடுகளை அப்பகுதிக்குக் கொண்டுவந்து பெருக்கிய பிரவர்ஸ், காலப்போக்கில் ஆர்கன்சா ஆற்றின் இரு கரைகளிலும் சுமார் 40 மைல் நீளத்துக்கு நிலம் உடையவரானார். கொலராடோவின் முதன்மையான கால்நடைப் பண்ணையார்களில் ஒருவர் என்று நூல்கள் அவரைப் புகழ்கின்றன. புகழட்டும், ஆனால் அந்த ஆற்றங்கரையின் புல்வெளியும் தண்ணீரும் மனைவி வழியாக வந்த உறவின் பெயரால் தொடங்கியவை என்பதை அதே பக்கத்தில் எழுதுவது நேர்மை.

பாக்ஸ்வில்

1867இல் பிரவர்ஸ் குடும்பம் பர்கட்டோரி ஆற்றின் கரையில் பாக்ஸ்வில் என்னும் குடியிருப்பில் பச்சைச் செங்கல் வீடு கட்டிக் குடியேறியது. இன்றைய லாஸ் அனிமாஸ் ஊருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் உள்ளது அது. ஊரை நிறுவிய தாமஸ் பாக்ஸின் மனைவி ருமால்டா, நியூ மெக்சிகோவின் முதல் அமெரிக்க ஆளுநரும் வில்லியம் பென்டின் அண்ணனுமான சார்லஸ் பென்டை மாற்றாந்தந்தையாகக் கொண்டு வளர்ந்தவர். 1847 ஜனவரியில் டாவோஸ் நகரில் கிளர்ச்சியாளர்கள் அந்த வீட்டுக்குள் புகுந்து சார்லஸ் பென்டைக் கொன்றபோது, வீட்டிலிருந்த பெண்கள் அடுப்புக் கிளறியையும் கரண்டியையும் கொண்டு மண்சுவரைத் தோண்டித் தப்ப முயன்றார்கள். அவர்களில் பதின்ம வயதிலிருந்த ருமால்டாவும், அவருடைய சித்தி ஹோசெஃபாவும் உண்டு. ஹோசெஃபா, படைவழிகாட்டியாகப் புகழ்பெற்ற கிட் கார்சனின் மனைவி. அவரும் 1867இன் இறுதியில் பிள்ளைகளோடு பாக்ஸ்வில்லுக்கு வந்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரசவத்துக்குப் பின் இறந்தார். ஒரு மாதத்தில் கிட் கார்சனும் லயன் கோட்டையில் இறந்துவிட, அவர்களின் பிள்ளைகளை ருமால்டாவின் குடும்பம் வளர்த்தது.

ஆக, மாற்றாந்தந்தையைப் பழங்குடியினரும் மெக்சிகரும் சேர்ந்த கிளர்ச்சியில் இழந்த ஒரு பெண்ணும், தந்தையை அமெரிக்கப் படையிடம் இழந்த ஒரு பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ்ந்தார்கள். ஸ்பானியம், ஷையான், ஆங்கிலம் ஆகிய மூன்றும் புழங்கிய அந்தச் சிற்றூரை ஆண்களின் வணிகக் கூட்டு உருவாக்கியது என்று சொல்வதுண்டு. யார் யாருக்கு என்ன உறவு என்று வரைந்து பார்த்தால், கோடுகள் பெரும்பாலும் பெண்கள் வழியாகவே போகின்றன: பென்டிடம் வேலை பார்த்த பிரவர்ஸும், பென்ட் குடும்பத்துப் பெண்ணை மணந்த பாக்ஸும், அப்பெண்ணின் சித்தியை மணந்த கார்சனும் ஒரே ஆற்றங்கரையில் கூடியதற்கு அந்தக் கோடுகளே காரணம். அமாச்சிக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். அவர்கள் ஆங்கிலப் பள்ளிக் கல்வி பெற்றார்கள். தாயின் வழக்கங்களையும் அறிந்தே வளர்ந்தார்கள். 1873இல் ரயில் பாதை வேறிடத்தில் வந்ததும் பாக்ஸ்வில் களையிழந்தது. பிரவர்ஸ் குடும்பமும் இடம் மாறியது. 1884இல் பிரவர்ஸ் இறந்தார். அமாச்சி பின்னர் மறுமணம் செய்துகொண்டார். 1905இல் காலமாகி லாஸ் அனிமாஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

மகள் மேரி எழுதிவைத்த குடும்பக் குறிப்பில், டென்வரில் ஈஸ்டர்ன் ஸ்டார் என்ற அமைப்பின் கூட்டத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு இடம்பெறுகிறது. ஈஸ்டர்ன் ஸ்டார், மேசானியச் சங்கத்தைச் சார்ந்தவர்களின் குடும்பங்கள் கூடும் அமைப்பு. சிவிங்டன் கொலராடோ மேசானியர்களின் முதல் தலைவராக இருந்தவர். அறிமுகம் செய்துவைக்க வந்த ஒருவர், கர்னல் சிவிங்டனைத் தெரியுமா என்று அமாச்சியிடம் கேட்டார். தெரியாமலா, என் தந்தையைக் கொன்றவர் அவர் என்று அனைவர் முன்னிலையிலும் அமாச்சி பதில் சொன்னார். சிவிங்டன்மேல் எந்த நீதிமன்றமும் வழக்கு நடத்தித் தண்டனை தரவில்லை. விசாரணை மன்றம் கேட்காமல் விட்ட வாக்குமூலத்தை, அவர் தாமாகவே, அதற்குரிய ஆளின் முகத்துக்கு நேராகக் கொடுத்தார் என்றுதான் இதைப் படிக்கிறேன்.

பெயரின் பின்கதை

1889இல் அந்தப் பகுதியில் அமைந்த புதிய மாவட்டத்துக்கு பிரவர்ஸின் பெயர் சூட்டப்பட்டது. அமாச்சியின் பெயர் அதே மாவட்டத்தில் வேறு வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போரில், மேற்குக் கரையோரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைக்க 1942 ஆகஸ்டில் கிரனாடா ஊருக்கு அருகே ஒரு முகாம் திறக்கப்பட்டது. ஊருக்கும் முகாமுக்கும் ஒரே பெயர் இருந்ததால் கடிதங்கள் மாறிப் போகவே, முகாமின் தபால் நிலையத்துக்கு அமாச்சி என்று பெயரிட்டார்கள். நாளடைவில் முகாமே அப்படி அழைக்கப்பட்டது. 1945 அக்டோபரில் மூடப்படும்வரை 10,000 பேருக்கு மேல் அங்கே இருந்தனர். அவர்களில் மிகப் பலர் அமெரிக்கக் குடிமக்கள். யாருக்குப் பிறந்தார்கள் என்பதைத் தவிர அவர்கள்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இரத்த உறவையே ஐயத்துக்குரிய காரணமாக எடுத்துக்கொண்ட அரசின் செயலால் தந்தையை இழந்தவரின் பெயரை, அதே காரணத்தால் எழுந்த முள்வேலிக்குச் சூட்டியவர்கள் அதை உணர்ந்து செய்ததாகத் தெரியவில்லை.

சாண்ட் க்ரீக் படுகொலைக் களம் 2007இல் தேசிய வரலாற்றுத் தலமாகத் திறக்கப்பட்டது. அமாச்சி முகாமைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022 மார்ச் 18 அன்று கையெழுத்தாகி, 2024 பிப்ரவரியில் தலம் முறைப்படி நிறுவப்பட்டது. இரண்டையும் நிர்வகிப்பது தேசியப் பூங்காத் துறையே. முகாமின் வரலாற்றைச் சொல்லும்போது அப்பெயருக்குரியவர் ஒரு பண்ணையாரின் மனைவி என்று ஒரு வரியில் கடந்துபோகாமல், சமாதானக் கடிதத்தைச் சுமந்து வந்த ஒச்சினியின் மகள் என்றும், சாண்ட் க்ரீக்கில் தந்தையைப் பறிகொடுத்து, தம் பெயராலேயே நிலம் பெற்றவர் என்றும் எழுதுவதே அந்தப் பெயரைப் பயன்படுத்துவோர் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.